கம்ப்யூட்டர் வாட்டர் கூலிங்குக்குப் பம்ப் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கு மோட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "சம்ப்பிலிருந்து டேங்க் எத்தனை அடி?" என்றுதான். அதைச் சொன்ன பிறகுதான் எத்தனை ஹெச்பி, எவ்வளவு தண்ணீர் வரும் என்ற பேச்சே வரும். கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் பம்ப் வாங்கும்போது மட்டும் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பெட்டியில் "மணிக்கு 1500 லிட்டர்" என்று பார்த்ததும் அது 1000 லிட்டர் பம்பைவிட நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த 1500 லிட்டர் உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒருநாளும் ஓடப்போவதில்லை. ஏன் ஓடாது, அப்படியானால் எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

ரேடியேட்டர் (ஃபேன் காற்றில் தண்ணீரைக் குளிர்விப்பது), பிளாக் (சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுப்பது), டியூப் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நீங்களே கோக்கும் கஸ்டம் லூப்புக்காக, அதாவது தண்ணீர் சுற்றிவரும் மூடிய பாதைக்காக, இதை எழுதுகிறேன். சீல் செய்து வரும் ஏஐஓ (ஆல்-இன்-ஒன்) கூலரில் பம்ப் உள்ளேயே இருக்கும். அதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

கணக்கு புரிய ஒரு லூப்பை வைத்துக்கொள்வோம். 200 வாட் சூடு தரும் பிராசசர், 350 வாட் கிராபிக்ஸ் கார்டு, இரண்டுக்கும் பிளாக், இரண்டு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர், டியூப்பை மாட்டப் பத்துப் பன்னிரண்டு ஃபிட்டிங். மொத்தம் 550 வாட். இன்று கேமிங்குக்கோ வீடியோ எடிட்டிங்குக்கோ லூப் கட்டும் பலருடைய மெஷின் இதை ஒட்டித்தான் இருக்கும்.

படி 1: எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 1.16 வாட்-மணி சக்தி வேண்டும். எனவே லூப்பில் மணிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறதோ அதை 1.16-ஆல் பெருக்கி, வரும் எண்ணால் மொத்த வாட்டை வகுத்தால், சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு தண்ணீர் எத்தனை டிகிரி ஏறியிருக்கும் என்று தெரிந்துவிடும்.

நம் 550 வாட்டுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 லிட்டர் ஓடினால் தண்ணீர் 9.5 டிகிரி ஏறும். 100 லிட்டருக்கு 4.7 டிகிரி. 200 லிட்டருக்கு 2.4 டிகிரி. 400 லிட்டருக்கு 1.2 டிகிரி. ஐம்பதிலிருந்து நூறுக்குப் போனதில் கிட்டத்தட்ட 5 டிகிரி லாபம். இருநூறை நானூறாக்க எவ்வளவோ பாடுபட்டாலும் கிடைப்பது ஒரு டிகிரி சொச்சம்தான்.

பிளாக்குக்குள் இருக்கும் மெல்லிய செம்புத் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் வேகமாகப் போனால் சூட்டை இன்னும் நன்றாக வாங்கும் என்பது உண்மைதான். அந்த லாபமும் இதே மாதிரிதான்: முதலில் நிறையக் கிடைக்கும், போகப்போகக் குறையும். நிமிடத்துக்கு ஒரு அமெரிக்க கேலன், அதாவது மணிக்குச் சுமார் 227 லிட்டர், நல்ல இலக்கு என்று லூப் கட்டுபவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவதற்குக் காரணம் இதுதான். என்னைக் கேட்டால் 150 முதல் 250 லிட்டருக்குள் எங்கே நின்றாலும் போதும். 100-க்குக் கீழே மட்டும் போக விடாதீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மே மாதத்தில் அறை 34 டிகிரியில் இருந்தால் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. எந்தப் பம்பும் அதை மாற்றாது. தண்ணீர் அறையைவிட எத்தனை டிகிரி அதிகமாக நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது ரேடியேட்டரும் ஃபேனும்தான். கையில் கொஞ்சம் பணம் மிச்சம் இருந்து, பெரிய பம்பா இன்னொரு ரேடியேட்டரா என்று யோசித்தால், தயங்காமல் ரேடியேட்டரை வாங்குங்கள்.

படி 2: ஹெட் என்றால் என்ன, அது எங்கே செலவாகிறது?

பம்ப் விவரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அதிகபட்ச ஓட்டம், இன்னொன்று மீட்டரில் ஹெட், அதாவது பம்ப் தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும் என்பது. ஒரு மீட்டர் ஹெட் என்றால் சுமார் 0.1 பார் அழுத்தம்.

பலர் குழம்பும் இடம் இது. "என் கேபினெட் அரை மீட்டர் உயரம்தானே, 4 மீட்டர் ஹெட் எதற்கு?" என்று கேட்பார்கள். மொட்டை மாடி டேங்குக்கு ஏற்றுகிற தண்ணீர் திரும்பி வருவதில்லை, அதனால் அங்கே உயரம்தான் முக்கியம். லூப் என்பது மூடிய வட்டம். கிணற்றுக் கப்பியில் கயிற்றின் இரண்டு முனையிலும் ஒரே எடையுள்ள வாளி தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இறங்கும்போது அதன் எடையே மற்றதை மேலே தூக்கிவிடும். நீங்கள் கொடுக்க வேண்டியது கப்பியின் உராய்வுக்கான பலம் மட்டுமே. லூப்பிலும் அப்படித்தான். இறங்கும் தண்ணீர் ஏறும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் நிரப்பி முடித்த பிறகு உயரத்துக்கு வேலையே இல்லை.

அப்படியானால் ஹெட் எங்கே செலவாகிறது? உராய்வில். பிராசசர் பிளாக்தான் முதல் குற்றவாளி. அதன் தகடுகளுக்கு நடுவே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அடுத்தது கிராபிக்ஸ் கார்டு பிளாக். சாதாரண ரேடியேட்டர்கள் அவ்வளவாகத் தடுப்பதில்லை. செங்குத்தாக வளையும் ஃபிட்டிங் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, அழகுக்காகப் பத்து வைத்தால் அது ஒரு பிளாக் அளவுக்குத் தடுக்கும். கழற்றி மாட்டுவதற்கு வசதியாக வைக்கும் குயிக் டிஸ்கனெக்ட் இணைப்புகளும் நிறையவே தடுக்கும்.

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஓட்டம் இரண்டு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு நம் கைக்கு வராமல் போவது இதனால்தான்.

படி 3: வளைகோட்டைப் படியுங்கள்

நல்ல பம்ப் தயாரிப்பாளர் எவரும் ஒரு வரைபடம் கொடுப்பார். படுக்கை அச்சில் ஓட்டம், செங்குத்து அச்சில் ஹெட். கோடு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிந்து பூஜ்யத்தைத் தொடும். பெட்டியில் அச்சடிக்கும் இரண்டு எண்களும் இந்தக் கோட்டின் இரண்டு முனைகள். ஹெட் 3.9 மீட்டர் என்றால், தண்ணீர் ஒரு சொட்டுகூட ஓடாதபோது உள்ள அழுத்தம் அது. 1500 லிட்டர் என்றால், எதிரே எந்தத் தடையும் இல்லாமல் திறந்துவிட்டால் கொட்டும் தண்ணீர் அது. உங்கள் லூப் நிற்பது இரண்டுக்கும் நடுவில்.

நம் உதாரண லூப்புக்கு மணிக்கு 225 லிட்டர் ஓட்டத்தில் மொத்தத் தடை 2.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் லூப்புக்கு இந்த எண் வேண்டுமென்றால், ஒவ்வொரு பிளாக்குக்கும் ரேடியேட்டருக்கும் தயாரிப்பாளரோ சோதித்தவர்களோ தந்திருக்கும் தடை அளவை அதே ஓட்டத்தில் எடுத்துக் கூட்டுங்கள். பிஎஸ்ஐ என்ற அழுத்தக் கணக்கில் கொடுத்திருந்தால் 0.7-ஆல் பெருக்கினால் மீட்டராகிவிடும்.

இப்போது தடையின் கோட்டை வரையுங்கள். 225 லிட்டருக்கு 2.2 மீட்டர். மேலே சொன்ன விதிப்படி 280 லிட்டருக்கு 3.4 மீட்டர், 450 லிட்டருக்கு 8.8 மீட்டர். அதிகபட்ச ஹெட் 3.9 மீட்டர் உள்ள 1500 லிட்டர் பம்பின் கோட்டோடு இது வெட்டிக்கொள்ளும் இடம் ஏறத்தாழ 280 லிட்டர். ஆயிரத்து ஐந்நூறில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பம்பில் குறை எதுவும் இல்லை. உங்கள் லூப் விடுவது அவ்வளவுதான். 280 லிட்டரே நம் தேவைக்கு மேல்தான்.

இதே லூப்பில் 800 லிட்டர் என்று போட்டு வெறும் 1 மீட்டர் ஹெட் உள்ள மலிவான பம்பை வைத்தால் 150 லிட்டரைத் தொடுவதே கஷ்டம். பல மலிவான பம்புகளில் ஹெட் எண்ணைப் போடவே மாட்டார்கள். நான் ஒருமுறை அப்படி ஒன்றை வாங்கி, தொட்டியில் தண்ணீர் அசைகிறதா இல்லையா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. ஹெட் போடாத பம்பை வாங்காதீர்கள்.

படி 4: டி5-ஆ, டிடிசி-யா?

வாட்டர் கூலிங்கின் ஆரம்ப காலத்தில் மீன் தொட்டிப் பம்புகளைத்தான் பயன்படுத்தினார்கள். ஜெர்மனியின் ஐஹைம் 1046, 1048 இரண்டும் அப்போது பேர் பெற்றவை. சத்தமில்லாதவை, ஆனால் ஹெட் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது, வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடுபவை. பிறகு லேயிங் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 12 வோல்ட் பம்புகள் வந்தன. அந்த நிறுவனம் ஐடிடி என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போய், 2011-இல் ஐடிடியிலிருந்து பிரிந்த ஸைலமின் பகுதியானது. இன்று சந்தையில் இருக்கும் பம்புகளில் பெரும்பாலானவை, எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், லேயிங்கின் டி5, டிடிசி என்ற இரண்டு வடிவங்களில் ஒன்றாகவோ அவற்றைப் பார்த்துச் செய்ததாகவோ இருக்கும்.

டி5-இன் உள்ளே அச்சுத்தண்டே கிடையாது. கிண்ணம் போன்ற ரோட்டர் ஒரே ஒரு செராமிக் குண்டின் மேல் உட்கார்ந்து சுழல்கிறது. மோட்டாரின் கம்பிச் சுருள் (காயில்) தண்ணீரைத் தொடாமல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தேய்வதற்கு இருப்பது அந்தக் குண்டு ஒன்றுதான், அதற்கு எண்ணெயும் தண்ணீர்தான். தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள் 50,000 மணி நேரம். தினம் 8 மணி நேரம் ஓட்டினால் 17 வருடம். வளையத்தைத் திருகி எடுத்தால் ரோட்டரை விரலால் தூக்கிக் கழுவி மறுபடி வைக்கலாம். அதிகபட்ச ஹெட் சுமார் 3.9 மீட்டர், ஓட்டம் 1500 லிட்டர், முழு வேகத்தில் 23 வாட்.

டிடிசி கையளவு சின்னது, தட்டையானது. 18 வாட் வகையில் ஹெட் 5 மீட்டரைத் தாண்டும், ஓட்டம் 1000 லிட்டரை ஒட்டி. மெல்லிய 10 வாட் வகையும் உண்டு. வெளி மூடியாகிய டாப்பை மாற்றினால் இதன் செயல்திறன் நன்றாகவே கூடும். அதனால் டிடிசியை எப்போதும் நல்ல டாப்போடுதான் வாங்க வேண்டும். இதன் குறை சூடு. எலெக்ட்ரானிக்ஸ் அடிப்பாகத்தில் நெருக்கமாக இருக்கிறது. 18 வாட் வகையைக் காற்றே படாத மூலையில் வைத்தால் வாழ்நாள் குறையும். நம் ஊர் வெயிலுக்கு அதன் அடியில் ஒரு ஹீட்சிங்க்கும் கொஞ்சம் காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும்.

சத்தத்தில் இரண்டும் வேறு குணம். டி5 தாழ்ந்த குரலில் உறுமும், வேகத்தைக் குறைத்தால் காணாமல் போய்விடும். டிடிசி கொஞ்சம் கீச்சென்று இருக்கும். இரவில் அமைதியான அறையில் அது காதில் படும்.

என் முடிவு இது. கேபினெட்டில் இடம் இருந்தால் டி5. மிகச் சின்ன கேபினெட் என்றாலோ, தடுப்பு மிக அதிகமான லூப்பை ஒரே பம்பால் ஓட்ட வேண்டும் என்றாலோ டிடிசி. "5 மீட்டர் ஹெட் அதிகம்தானே, அதையே வாங்கலாமே" என்று தோன்றினால், படி 1-ஐத் திரும்பப் பாருங்கள். தேவைக்கு மேல் வரும் ஓட்டத்தால் குளிர்ச்சி கூடாது, சத்தம்தான் கூடும்.

படி 5: வேகக் கட்டுப்பாடும் மின்சாரமும்

பம்பைப் பெரிதாக வாங்கி மெதுவாக ஓட்டுங்கள். இந்த வழிகாட்டியிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பின் வேகத்தைக் குறைத்தால் ஓட்டம் அதே விகிதத்தில் குறையும், ஹெட் அந்த விகிதத்தின் வர்க்கத்துக்கு (இரண்டு முறை பெருக்கிய அளவுக்கு) ஏற்பக் குறையும், மின்செலவு அதன் முப்படிக்கு (மூன்று முறை பெருக்கிய அளவுக்கு) ஏற்பக் குறையும். நம் லூப்பில் நிமிடத்துக்கு 4800 சுற்றில் ஓடும் டி5-ஐ 70 சதவீதத்துக்கு, அதாவது 3360 சுற்றுக்கு இறக்கினால் ஓட்டம் 280-இலிருந்து 196 லிட்டராகும். தண்ணீரின் வெப்ப ஏற்றம் 1.7-இலிருந்து 2.4 டிகிரி ஆகும். முக்கால் டிகிரிகூட இல்லை. அதற்குப் பதிலாகப் பம்பின் மின்செலவு மூன்றில் ஒரு பங்காகிறது, சத்தமும் வெகுவாக அடங்குகிறது.

வேகத்தை மாற்ற இரண்டு வழி. வேரியோ வகையில் பம்பின் பின்னால் 1 முதல் 5 வரை திருகு இருக்கும். 1800 சுற்றிலிருந்து 4800 வரை போகும். ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம், மதர்போர்டை நம்ப வேண்டியதில்லை. ஆனால் கேபினெட்டுக்குள் மாட்டிய பிறகு அந்தத் திருகுக்குக் கை எட்டாது. பிடபிள்யூஎம் வகையில் மதர்போர்டிலிருந்தே வேகத்தை மாற்றலாம், எத்தனை சுற்று ஓடுகிறது என்றும் தெரியும். விலை வித்தியாசம் தாங்கும் என்றால் பிடபிள்யூஎம் வாங்குங்கள். வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள்: சிக்னல் கம்பியைக் கழற்றினால் அந்த மாடல் முழு வேகத்தில் ஓடுமா, பாதி வேகத்தில் நிற்குமா என்று கையேட்டில் இருக்கும். மாடலுக்கு மாடல் இது மாறும்.

மின்சாரத்தை மதர்போர்டின் ஃபேன் ஹெட்டரிலிருந்து (ஃபேன் கம்பியைச் செருகும் இடம்) எடுக்காதீர்கள். சாதாரண ஹெட்டர் 1 ஆம்பியர்தான் தாங்கும். டி5 முழு வேகத்தில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். பம்பிலிருந்து வரும் சாட்டா அல்லது மோலெக்ஸ் கம்பியைப் பவர் சப்ளையில் நேராகச் செருகுங்கள். சிக்னலும் சுற்று எண்ணிக்கையும் போகும் கம்பி மட்டும் மதர்போர்டுக்கு. ஃபேன்களோடு சேர்த்து ஒரே ஹப்பில் பம்பைக் கோக்கவும் வேண்டாம்.

படி 6: தொட்டியும் இடமும்

இந்தப் பம்புகள் தானாக உறிஞ்சி எடுக்காது. வீட்டு மோட்டார் ஏர் பிடித்தால் எப்படி வெறுமனே சுற்றுமோ அப்படித்தான் இதுவும் சுற்றும். வித்தியாசம் என்னவென்றால், குண்டுக்கு எண்ணெயே தண்ணீர்தான் என்பதால் இது காய்ந்து ஓடினால் சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே தொட்டி பம்பின் வாய்க்கு மேலே இருக்க வேண்டும், தொட்டியிலிருந்து தண்ணீர் தானாகப் பம்புக்குள் இறங்க வேண்டும். முதல் லூப் என்றால் பம்பும் தொட்டியும் ஒன்றாக வரும் காம்போவை வாங்கிவிடுங்கள். இந்தக் கவலையே இருக்காது.

மற்றபடி எது முன், எது பின் என்ற வரிசை பெரிதல்ல. லூப்பின் எந்த இடத்திலும் தண்ணீரின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி அளவில்தான் மாறும் என்று படி 1-இலேயே பார்த்தோம். டியூப் குறைவாகப் பிடிக்கும் வரிசையே சரியான வரிசை. இணைப்பு மரை ஜி 1/4 அளவா என்று மட்டும் பாருங்கள்.

பம்ப் கேபினெட் தகட்டை நேராகத் தொட்டால் தகடே ஸ்பீக்கராகிவிடும். அடியில் சிலிகான் பேடோ கெட்டியான ஸ்பாஞ்சோ வையுங்கள், ஸ்க்ரூவை இறுக்கி முறுக்காதீர்கள். "பம்ப் சத்தம் போடுகிறது" என்று வரும் புகார்களில் பாதி இதனால் வருவதுதான்.

படி 7: இரண்டு பம்ப் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இரண்டு கிராபிக்ஸ் கார்டு, குயிக் டிஸ்கனெக்டுகள், கேபினெட்டுக்கு வெளியே நிற்கும் பெரிய ரேடியேட்டர் என்று போனால் வேண்டும். ஒன்று நின்றாலும் வேலை நிற்கக் கூடாத மெஷினுக்கும் வைக்கலாம். அப்படி வைத்தால் ஒன்றன் பின் ஒன்றாக வையுங்கள். ஹெட் இரண்டும் கூடும், ஒன்று நின்றாலும் மற்றது அதன் வழியாகவே தண்ணீரைத் தள்ளும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓட்டம்தான் கூடும், நம் குறுகலான லூப்பில் அதனால் பயன் இல்லை.

படி 8: வாங்கும்போது

பாரோ, பிக்ஸ்கி, ஃப்ரீஸ்மாட் போன்ற சீன நிறுவனங்களின் பம்புகள் லேயிங் வகையைவிட மலிவு. அவற்றைத் தள்ள வேண்டியதில்லை. ஹெட் எண், வளைகோடு, வாரண்டி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். உருவம் டி5 போல இருப்பதாலேயே எல்லா டி5 டாப்பும் பொருந்திவிடும் என்று நினைக்காதீர்கள். பொருத்தம் எழுத்தில் இருக்கட்டும்.

பழைய டி5 கிடைத்தால் நான் தயங்காமல் வாங்குவேன். ரோட்டரைத் தூக்கிப் பாருங்கள். குண்டில் கீறல் இல்லாமல், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வெடிக்காமல் இருந்தால் போதும். பழைய டிடிசியில் எலெக்ட்ரானிக்ஸ் சூட்டில் வதங்கியிருக்கலாம், அது வெளியே தெரியாது.

பெரும்பாலான பம்புகளுக்குத் தண்ணீர் 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அறை 34, அதற்கு மேல் 12 டிகிரி என்றாலும் 46-தான். நல்ல ரேடியேட்டர் இருந்தால் பயம் இல்லை.

படி 9: முதல் ஓட்டம்

மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றின் மின் இணைப்பையும் கழற்றிவிட்டுப் பம்பை மட்டும் பவர் சப்ளையில் விடுங்கள். மதர்போர்டு இல்லாமல் பவர் சப்ளையை எழுப்ப 24 பின் ஜம்பர் செருகி கடையில் கிடைக்கும். தொட்டியை நிரப்புங்கள், சில விநாடி ஓடவிடுங்கள், மட்டம் இறங்கியதும் நிறுத்துங்கள், மறுபடி நிரப்புங்கள். பம்பின் வாய் ஒருபோதும் வெளியே தெரியக் கூடாது. லூப் நிறைந்ததும் கேபினெட்டை முன்னும் பின்னும் சாய்த்தால் ரேடியேட்டரில் சிக்கிய காற்று வெளியேறும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ வைத்துச் சில மணி நேரமாவது ஓடவிட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் கரகரவென்று வரும் சத்தம் காற்றுக் குமிழிகளால். அது அடங்குமுன் பம்ப் கெட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

அப்புறம் பயாஸில் வேகத்தை வையுங்கள். பிராசசரின் வெப்பத்தைப் பார்த்து ஏறி இறங்கும்படி வைக்காதீர்கள். பிராசசர் ஒரு விநாடியில் 20 டிகிரி ஏறும், தண்ணீர் ஏறப் பல நிமிடம் ஆகும். பம்ப் வீணாக ஏறி இறங்கிக் காதைத்தான் துளைக்கும். 60-70 சதவீதத்தில் நிலையாக வைத்து, சத்தம் கேட்கத் தொடங்கும் புள்ளிக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். பம்பின் சுற்று எண்ணிக்கைக் கம்பியைச் சிபியு ஃபேன் ஹெட்டரில் செருகுங்கள். பம்ப் சுற்றவில்லை என்றால் பெரும்பாலான மதர்போர்டுகள் தொடக்கத்திலேயே எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். சில மாதம் கழித்து, சுற்று எண்ணிக்கை அப்படியே இருந்து வெப்பம் மட்டும் மெல்ல ஏறினால் பம்பைக் கழற்றாதீர்கள். பிராசசர் பிளாக்கைத் திறந்து தகடுகளுக்கு நடுவே கசடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்காக ஊற்றும் பால் போன்ற கலர் திரவங்கள்தான் அங்கே அதிகம் படியும்.